பிலடெல்ஃபியாவின் சிறப்பு மியூசியங்கள்: மூட்டர், ஈஸ்டர்ன் ஸ்டேட், பார்ன்ஸ், வாக்னர் – எதை எந்த நாளில்?

தேன்சிட்டு:
வணக்கம். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு ஒரு சனி, ஞாயிறு போகத் திட்டம். நாலு பேர். அப்பா, அம்மா இருவருக்கும் அறுபதுக்கு மேல், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்குப் பன்னிரண்டு வயது. லிபர்ட்டி பெல், இண்டிபெண்டன்ஸ் ஹால் வேண்டாம். ஒரே துறைக்கென்று இருக்கும் மியூசியங்கள்தான் வேண்டும். பட்டியல்: மூட்டர் (மருத்துவம்), ஈஸ்டர்ன் ஸ்டேட் பழைய சிறை, பார்ன்ஸ் (ஓவியம்), ரோசன்பாக் (அரிய நூல்கள்), வாக்னர் (இயற்கை அறிவியல்), பென் மியூசியம் (தொல்லியல்), சிமியோனி கார் மியூசியம். இரண்டு நாளில் ஏழும் முடியுமா? எந்த வரிசையில் போவது? மூட்டருக்குப் பையனை அழைத்துப் போகலாமா?

தெருஎண்:
ஏழும் முடியாது. நாலு முடியும், அதுவும் நாளை மாற்றினால்.

சனி, ஞாயிறு என்று வைத்தால் வாக்னர் அநேகமாகக் கையைவிட்டுப் போகும். அது செவ்வாய் முதல் வெள்ளி வரை பகலில் திறந்திருக்கும் இடம், சில சனிக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். பென் மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. பார்ன்ஸும் பிலடெல்ஃபியாவின் பெரிய கலை அருங்காட்சியகமும் செவ்வாய், புதன் மூடியிருக்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் நாட்கள் வியாழனும் வெள்ளியும்தான். லீவு போட முடியுமென்றால் வெள்ளி, சனி என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை வருவதில் இன்னொரு லாபம், கலை அருங்காட்சியகம் அன்று இரவு 8:45 வரை திறந்திருக்கும், ஐந்து மணிக்கு மேல் நாம் விரும்பிய தொகையைக் கொடுத்து உள்ளே போகலாம். உங்கள் பட்டியலில் அது இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள், காரணத்தை இந்த இழையில் வேறு யாராவது கட்டாயம் எழுதுவார்கள்.

அடுத்தது இடம். இந்த ஊர் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வரைபடம் தேவைப்படாது. வடக்கு தெற்காகப் போகும் தெருக்களுக்கு எண். டெலவேர் ஆற்றங்கரையில் ஃபிரண்ட் தெரு, அதிலிருந்து மேற்கே இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். பதினான்காவது இருக்க வேண்டிய இடத்தில் பிராட் தெரு. மார்க்கெட் தெருவுக்கு மேலே இருந்தால் வடக்கு, கீழே இருந்தால் தெற்கு. ஒவ்வொரு பிளாக்குக்கும் வீட்டெண் நூறு கூடும். மூட்டரின் முகவரி தெற்கு 22ஆவது தெரு, எண் 19. அப்படியென்றால் பிராட் தெருவிலிருந்து எட்டு பிளாக் மேற்கே, மார்க்கெட்டை ஒட்டிக் கொஞ்சம் தெற்கே. வாக்னர் 1700 மேற்கு மாண்ட்கோமரி, அதாவது 17ஆவது தெரு முனை.

இப்படி வைத்துப் பார்த்தால் மூட்டர், ரோசன்பாக், பார்ன்ஸ், ஈஸ்டர்ன் ஸ்டேட் நாலும் ஒரே நடைவட்டத்தில் வரும். பார்ன்ஸிலிருந்து ஈஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு வடக்கே லேசான ஏற்றம், பத்துப் பன்னிரண்டு நிமிடம். பார்ன்ஸிலிருந்து மூட்டருக்குத் தெற்கே அதே அளவு. மூட்டரிலிருந்து ரோசன்பாக் இருக்கும் டெலான்சி பிளேசுக்குப் பத்து நிமிடம். மற்ற மூன்றும் ஆளுக்கொரு திசை: வாக்னர் வடக்கே, பென் ஆற்றைத் தாண்டி மேற்கே, சிமியோனி விமான நிலையம் பக்கம். அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நாடித்துடிப்பு:
மூட்டர் பற்றி. பன்னிரண்டு வயது போதும், பத்து வயதுக்கு மேல் என்பதுதான் அங்கே சொல்லப்படும் பரிந்துரை. ஆனால் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பார்க்கப்போவது உண்மையான மனிதர்களின் எலும்புகளும் உறுப்புகளும். பேய்க் காட்சி என்ற நினைப்பில் வரும் குழந்தைகள்தான் அங்கே திணறிப்போகிறார்கள். மருத்துவர்கள் படிப்பதற்காகச் சேர்த்தவை என்று தெரிந்து வருபவர்கள் கேள்வி கேட்கிறார்கள்.

அறுவை மருத்துவர் தாமஸ் டென்ட் மூட்டர் தம் சேகரிப்பையும் அதைப் பராமரிக்கப் பணத்தையும் பிலடெல்ஃபியா மருத்துவர் கல்லூரிக்கு 1858இல் கொடுத்தார். மியூசியம் 1863இல் திறந்தது. இடம் சிறியது, இரண்டு தளம். நின்று படித்தால் இரண்டு மணி நேரம், ஓடினால் நாற்பது நிமிடம். ஓடுவதாக இருந்தால் டிக்கெட் காசு வீண்.

நாலு இடத்தில் கட்டாயம் நில்லுங்கள்.

ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூடு. எஃப்.ஓ.பி. என்ற மிக அரிய நோய். தசையும் தசைநாணும் படிப்படியாக எலும்பாகிவிடும். சாதாரண எலும்புக்கூட்டை நிற்க வைக்கக் கம்பி போட்டுக் கோர்க்க வேண்டும், ஏனென்றால் பிடித்துவைத்திருந்த நாண்கள் போனதும் எலும்புகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். இவருடையதற்கு அந்த வேலை அதிகம் தேவைப்படவில்லை. பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள்: தோளிலிருந்து இடுப்பு வரை எலும்பு தகடாகவும் பாலமாகவும் ஓடியிருக்கும், முதுகெலும்பின் தனித்தனிக் கண்ணிகளைப் பிரித்துப் பார்ப்பதே கடினம். நாற்பது வயது முடிவதற்குள் 1973இல் இறந்தார். தம் உடல் ஆராய்ச்சிக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். இந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் கண்டுபிடித்தவர்கள் இதே ஊரின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

அடுத்தது ஹைர்ட்ல் மண்டையோடுகள், மொத்தம் 139. வியன்னா உடற்கூற்றியல் பேராசிரியர் யோசஃப் ஹைர்ட்லிடமிருந்து 1874இல் வாங்கியவை. பல ஓடுகளின் மேலேயே ஊர், வயது, தொழில், இறந்த காரணம் எழுதியிருக்கும். கயிற்றின்மேல் நடக்கும் இருபது வயது வித்தைக்காரர், கழுத்து முறிந்து இறந்தவர், என்ற ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, செவாலியே ஜாக்சனின் இழுப்பறைகள், கீழ்த்தளத்தில். நோயாளிகள் விழுங்கிய, மூச்சில் இழுத்துக்கொண்ட 2,374 பொருட்கள். ஊக்கு, பொத்தான், காசு, பொம்மைத் துண்டு, எலும்பு. இழுப்பறையைத் திறந்தால் ஒவ்வொன்றும் அட்டையில் வரிசையாக இருக்கும். அறுத்துத் திறக்காமல் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் முறையை வளர்த்தவர் ஜாக்சன். சோப்புக் காரத்தைக் குழந்தைகள் குடித்து உணவுக்குழாய் வெந்துபோவதைத் தொடர்ந்து பார்த்து, அந்த டப்பாக்களில் நஞ்சு எச்சரிக்கை போட வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1927இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட்டது. பையனுக்கு இந்த இடம்தான் அதிகம் பிடிக்கும்.

நாலாவது, சாங், எங் இரட்டையர்களின் வார்ப்பு. சயாமில் 1811இல் ஒட்டிப் பிறந்தவர்கள், 1874இல் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். பிரேத பரிசோதனை இந்த மருத்துவர் கல்லூரியின் பொறுப்பில் நடந்தது. மார்புப் பக்கம் இருவரையும் இணைத்த தசைப் பட்டையை வார்ப்பில் பாருங்கள், கீழேயே இணைந்த கல்லீரலும் இருக்கும்.

ஐன்ஸ்டீன் மூளையின் மெல்லிய சீவல்களுக்குத்தான் கூட்டம் நிற்கும். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சீவல்கள் அவை, வெறுங்கண்ணால் பெரிதாக ஒன்றும் புரியாது. ஒரு நிமிடம் போதும்.

படம் எடுப்பதற்கு அங்கே நெடுங்காலமாகத் தடை உண்டு. நுழைவிலேயே போனைப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
நன்றி. வெள்ளி, சனி என்று மாற்றிவிடலாம். ஒரு கேள்வி. அப்பாவுக்கு இறந்தவர்களின் உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே சரியா என்ற சங்கடம் இருக்கிறது. இதைப் பற்றி அங்கேயே பேசுகிறார்களா?

ஏடு:
பேசுகிறார்கள். அப்பாவின் சங்கடம் நியாயமானது. மூட்டர் நிர்வாகமே 2023இல் தன் நூற்றுக்கணக்கான காணொளிகளை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, மனித எச்சங்களை எப்படிக் காட்டுவது என்று மறுபரிசீலனை தொடங்கியது. பெரிய சர்ச்சையானது. காட்டவே கூடாது என்றார்கள் ஒரு பக்கம், காட்டுவதை நிறுத்தினால் ஈஸ்ட்லாக் போன்றவர்களின் விருப்பம் என்னாவது என்றார்கள் மறுபக்கம். பிறகு பெரும்பாலான காணொளிகள் திரும்ப வந்தன.

இதில் என் நிலை: சம்மதம் கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஈஸ்ட்லாக் சம்மதித்தார். சோப்புப் பெண்மணி என்று அங்கே கிடத்தப்பட்டிருப்பவர் சம்மதிக்கவில்லை. 1870களில் கல்லறை ஒன்றைத் தோண்டும்போது கிடைத்த உடல். காற்றுப் படாத ஈர மண்ணில் உடல் கொழுப்பு சோப்பு போன்ற பொருளாக மாறி, சிதையாமல் நின்றது. அதை மியூசியத்துக்கு வாங்கித் தந்த உடற்கூற்றியலாளர் ஜோசஃப் லெய்டி, 1792இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர் என்று எழுதிவைத்தார். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்தபோது ஆடையின் ஊசிகளும் பொத்தான்களும் 1830களுக்கு முன் அமெரிக்காவில் கிடைக்காதவை என்று தெரிந்தது. ஒரு மனுஷியின் பெயரும் தெரியவில்லை, காலமும் தப்பு. அப்பா அந்த இடத்தைத் தவிர்ப்பதானால் தவிர்க்கட்டும்.

ஹைர்ட்லின் மண்டையோடுகளுக்கு ஒரு பின்னணி சேர்க்கிறேன். இதே பிலடெல்ஃபியாவில் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் என்ற மருத்துவர் 1851இல் இறக்கும்வரை நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்து, கொள்ளளவை அளந்து, இனங்களுக்கு மேல் கீழ் வரிசை போட்டார். அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். ஹைர்ட்ல் சேர்த்ததன் நோக்கம் நேர் எதிர்: ஐரோப்பியர்களுக்குள்ளேயே மண்டை வடிவம் இவ்வளவு வேறுபடும்போது அதை வைத்துக் குணத்தையோ அறிவையோ சொல்ல முடியாது என்று காட்ட. மார்ட்டன் சேகரிப்பு பின்னாளில் பென் மியூசியத்துக்குப் போனது. அந்த மியூசியம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. அதிலிருந்த பிலடெல்ஃபியா கறுப்பின மக்கள் 19 பேரின் மண்டையோடுகள் 2024இல் ஈடன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. இந்த எதிரெதிர் நோக்கங்களைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால், அது வெறும் எலும்பு அலமாரியாகத் தெரியாது.

நாடித்துடிப்பு:
ஏடு சொன்னதில் ஒன்றே ஒன்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சோப்புப் பெண்மணியைத் தவிர்க்கச் சொல்வதைவிட, காலம் தப்பாக எழுதப்பட்டதையும் அது எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் படித்துவிட்டுப் போகச் சொல்வது அந்தப் பெண்மணிக்குச் செய்யும் மரியாதை. மற்றபடி சரி.

கல்தச்சன்:
கலை அருங்காட்சியகத்தை ஏன் சேர்க்க வேண்டும் என்று தெருஎண் சொல்லாமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று நிற்கிறது.

மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1560. அடலீன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்ஃபியாப் பெண்மணி 1912இல் மதுரைக்குப் போனபோது, பிரித்துப் போடப்பட்டுக் கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட கருங்கல் துண்டுகளை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப்போரில் செவிலியாகப் போய் பிரான்சில் இறந்தார். குடும்பத்தார் 1919இல் அவர் நினைவாக மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் எந்தத் தூண் எங்கே நின்றிருக்கும் என்று மதுரைக்கே போய் ஆராய்ந்து 1940இல் எழுதினார். இந்தியாவுக்கு வெளியே ஒரு மியூசியத்துக்குள் நிற்கும் இந்தியக் கோயில் கல்மண்டபம் இது ஒன்றுதான். அந்தக் கோயில் மதுரையில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

பார்க்கும் முறை: உள்ளே நுழைந்ததும் நடுவழியில் போய் நின்றுவிடாதீர்கள். முதலில் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே போங்கள். சதுரமான பகுதி, பட்டை பிடித்த பகுதி, மறுபடி சதுரம், அதற்கு மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. சதுரங்களில் சிறுசிறு புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். முன் தூண்களில் ஆளுயரத்துக்கு அருகில் வரும் உருவங்கள், தூணோடு சேர்ந்த ஒரே கல். உருவத்துக்கும் தூணுக்கும் நடுவே உளி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். நம் ஊர்க் கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் மறைக்கும் இடம் இங்கே விளக்கு வெளிச்சத்தில் கண்ணெதிரே இருக்கும். கருங்கல்லில் இவ்வளவு குடைவது எளிதல்ல, பளிங்கு மாதிரி அது வளைந்து கொடுக்காது.

எண்ணெயும் மஞ்சளும் பூவும் இல்லாமல் சுவாமி உருவங்கள் நிற்பதைப் பார்த்து உங்கள் அம்மாவுக்கு மனம் கனக்கலாம். அதையும் சொல்லி அழைத்துப் போங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். நாற்பது நிமிடமாவது இங்கே ஒதுக்குங்கள்.

தேன்சிட்டு:
இது தெரியவே தெரியாது. அம்மா மதுரைக்காரர். இதற்காகவே வெள்ளிக்கிழமை மாலை உறுதி. கல்தச்சன் அண்ணா, முழங்கால் வலியோடு அந்தப் பெரிய வெளிப்படிகள் ஏற வேண்டுமா?

கல்தச்சன்:
வேண்டியதில்லை. முன்பக்கத்து 72 படிகளுக்குப் பதிலாகக் கட்டடத்துக்கு வேறு நுழைவுகள் உண்டு, உள்ளே லிஃப்ட் உண்டு. டாக்சியில் வந்தால் மேற்குப் பக்கத்து வாசலில் இறங்குங்கள். சக்கர நாற்காலியும் இலவசமாகக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். மியூசியத்தில் கால் வலிப்பது நடப்பதால் அல்ல, நின்று நின்று.

பித்தளைச்சாவி:
பட்டியலில் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் இல்லை. குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அங்கே ஒரே ஒரு பொருளுக்காகப் போகலாம்: மையார்தே என்ற இயந்திரக் கைவினைஞர் செய்த தானியங்கிப் பொம்மை.

பொம்மைச் சிறுவன் ஒருவன் மேசை முன் மண்டியிட்டு எழுதுகிறான், வரைகிறான். நாலு படம், மூன்று கவிதை. ஏறக்குறைய 1800இல் லண்டனில் செய்தது. 1928 நவம்பரில் பிலடெல்ஃபியாக் குடும்பம் ஒன்று, தீயில் சேதமான பித்தளைப் பாகங்களாக இதைக் கொடுத்தபோது, செய்தவர் மேல்சல் என்ற வேறொருவர் என்று நம்பியிருந்தார்கள். பழுது பார்த்து ஓடவிட்டதும், கவிதையின் கடைசியில் 'மையார்தேயின் தானியங்கி எழுதியது' என்று பொம்மையே பிரெஞ்சில் எழுதிக் காட்டிவிட்டது.

பார்க்க வேண்டியது பொம்மையின் முகத்தை அல்ல, அடியில் இருக்கும் பித்தளைத் தட்டுகளை. ஓரம் மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்ட தட்டுகள், அச்சில் அடுக்கியிருக்கும். சுருள்வில் மோட்டார் தட்டைச் சுற்றும்போது மூன்று எஃகு விரல்கள் அந்த ஓரங்களை வருடிக்கொண்டே போகும். ஒன்று கையை இடவலமாக, ஒன்று முன்பின்னாக, ஒன்று மேல்கீழாக நகர்த்தும். மூன்றும் சேர்ந்தால் பேனா முனை எங்கே வேண்டுமானாலும் போகும். ஒரு படம் முடிந்ததும் தட்டு அடுக்கு ஒரு படி நகரும், அடுத்த படத்துக்கான ஓரங்கள் விரலுக்கு அடியில் வரும். நினைவகம் என்று இன்று நாம் சொல்வதைப் பித்தளையில் ராவி வைத்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவது எப்போதாவதுதான், அந்தத் தேதிகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலும் இயந்திரம் தெளிவாகத் தெரியும்.

சிமியோனியை இந்தமுறை விடுங்கள், ஒரு நிபந்தனையோடு. நீங்கள் போகும் சனிக்கிழமை மாதத்தின் நாலாவது சனியாக இருந்தால் விடாதீர்கள். வழக்கமாக அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் பந்தயக் கார்களைப் பின்னால் இருக்கும் மூன்று ஏக்கர் திடலில் உண்மையாகவே ஓட்டிக் காட்டுவார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பந்தயக் கார்கள் இருக்கின்றன. நிறுவிய ஃபிரெட் சிமியோனி நரம்பியல் அறுவை மருத்துவர். கார்களைப் பளபளவென்று புதிதாக்காமல் பந்தயத்தில் பட்ட கீறலோடு வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1964 கோப்ரா டேடோனா கூபே அங்கே இருக்கிறது. மற்ற நாட்களில் கார்கள் நின்றபடிதான். நல்ல இடம்தான், ஆனாலும் ஊரின் மறுகோடி வரை போய்வரும் நேரத்துக்கு ஈடாகாது. பஸ்ஸை நம்பாதீர்கள், டாக்சி.

ஏடு:
பார்ன்ஸ் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது: சுவரில் பெயர்ப்பலகை கிடையாது. ஆல்பர்ட் பார்ன்ஸ் வேதியியல் படித்த மருத்துவர். ஆர்ஜிரால் என்ற வெள்ளி மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து பணக்காரரானார், பிறந்த குழந்தைகளின் கண்ணில் தொற்றைத் தடுக்க விட்ட சொட்டு அது. அந்தப் பணத்தில் ரென்வா 181, செசான் 69, மட்டீஸ் 59. ஒவ்வொரு சுவரையும் அவரே அடுக்கினார். ஓவியங்களுக்கு நடுவே கதவுக் கீல், பூட்டுத் தகடு, இரும்புக் கரண்டி எல்லாம் மாட்டினார். அவர் வைத்த இடத்தை மாற்றக்கூடாது என்பது அறக்கட்டளையின் விதியாக இருந்தது. புறநகர் மெரியனில் இருந்த கூடத்தை 2012இல் நகருக்குள் கொண்டுவந்தபோது, நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, அறைகளை அதே அளவில் கட்டி அதே அடுக்கை அப்படியே மாட்டினார்கள்.

ஆகவே ஓவியர் பெயரைத் தேடிக்கொண்டு போனால் களைத்துவிடுவீர்கள். ஒரு சுவருக்கு முன் நின்று முதலில் நடுவில் இருக்கும் படத்தைப் பாருங்கள், பிறகு அதன் இரண்டு பக்கமும் எது எதற்குச் சமன் என்று பாருங்கள். நாற்காலி முதுகின் வளைவு பக்கத்துப் படத்தில் இருக்கும் தோளின் வளைவோடு ஒத்துப்போகும், மேலே கீலும் அதே வளைவு. இருபத்துமூன்று அறை. ஆறு அறையை இப்படிப் பார்த்தால் போதும். பெயர் தெரிந்தே ஆக வேண்டுமானால் போனில் அவர்களுடைய வழிகாட்டியைத் திறந்து படத்தை நோக்கிப் பிடித்தால் விவரம் வரும்.

பெரிய கூடத்தில் சன்னல்களுக்கு மேலே மட்டீஸின் நடனம். முதலில் அளவு தப்பாகப் போய், ஏறக்குறைய முடித்ததை விட்டுவிட்டு மறுபடி முழுதாக வரைந்தார். அந்த முதல் வடிவம் பாரிஸில் இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு பார்ன்ஸில் இலவசம். அன்று கூட்டம், குழந்தைகள் நிகழ்ச்சி, சத்தம். சிறிய அறைகளில் சுவரைப் பார்க்கவே முடியாது. பணம் மிச்சமாக வேண்டுமென்றால் சரி, ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் 30 டாலர் டிக்கெட்டே எடுங்கள்.

ரோசன்பாக் நூல் விரும்பிகளுக்கு. ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் கையெழுத்துப்படியும், பிராம் ஸ்டோக்கர் டிராகுலா எழுதுவதற்காக எடுத்த குறிப்புகளும் அங்கேதான். வழிகாட்டியோடு சுற்றுவது ஒன்று, சிறு குழுவாக உட்கார்ந்து அரிய ஏடுகளைக் கிட்டத்திலிருந்து பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் இந்த இடத்தின் சிறப்பு, ஆனால் இடம் மிகக் குறைவு, முன்பதிவு கட்டாயம். உங்கள் குடும்பத்தில் படிப்பவர் ஒருவர்தான் என்றால் அவர் மட்டும் போகட்டும்.

நடைவண்டி:
ஈஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு: ஒலி வழிகாட்டி டிக்கெட்டிலேயே சேர்ந்தது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். நடிகர் ஸ்டீவ் புஷெமி குரலில் தொடங்கி, அங்கே இருந்த கைதிகளும் காவலர்களுமே பேசுவார்கள். அது இல்லாமல் பார்த்தால் இடிந்த சுவர்தான் தெரியும்.

1829இல் திறந்து 1971இல் மூடிய சிறை. ஜான் ஹேவிலண்ட் வடிவமைத்தது. நடுவே வட்டக் கூடம், அதிலிருந்து ஏழு நீண்ட தாழ்வாரங்கள் ஆரக்கால் போலப் பிரியும். வட்டக் கூடத்தில் நின்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஒரே காவலர் எல்லாத் தாழ்வாரத்தையும் பார்க்க முடிந்ததன் சூட்சுமம் அங்கே விளங்கும். உலகெங்கும் ஏறத்தாழ 300 சிறைகள் இந்த வடிவத்தைப் பின்பற்றின. தனிமையில் வைத்தால் கைதி மனம் திருந்துவான் என்று குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் தாக்கத்தில் நம்பினார்கள். அறைக்கு ஒருவர், கூரையில் ஒரு ஒளித்துளை, பின்னால் சுவர் சூழ்ந்த சிறு முற்றம், வெளியே வந்தால் முகத்தில் முகமூடி. 1842இல் வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் இது உடல் வதையைவிடக் கொடியது என்று எழுதினார்.

இங்கே அடைபட்டிருந்த தாதா அல் கபோனின் அறைக்கு முன்னால் எப்போதும் கூட்டம். அதற்குப் பதில் ஏழாவது தாழ்வாரத்துக்குப் போங்கள், இரண்டடுக்கு, தேவாலயம் போன்ற உயரம். 1945இல் வங்கிக் கொள்ளையர் வில்லி சட்டன் உட்படப் பன்னிரண்டு பேர் தப்பிய சுரங்கம் தொடங்கியதும் அங்கேதான், ஏறக்குறைய நூறு அடி தோண்டியிருந்தார்கள். வெளியில் பதினாறு அடி உயர எஃகு வரைபடம் இருக்கிறது. அமெரிக்கச் சிறைகளில் இருப்போர் விகிதம் எந்தப் பத்தாண்டில் எவ்வளவு ஏறியது என்பதைப் படி படியாகக் காட்டும். பையனை அங்கே நிற்க வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

குளிர்: தாழ்வாரங்களில் சூடேற்றும் வசதி இல்லை. கல் சுவர், ஏப்ரலில்கூட வெளியைவிட உள்ளே சில்லென்று இருக்கும். ஒரு ஸ்வெட்டர் கூட எடுங்கள். தரை சமமாக இல்லை, சரளையும் உண்டு, அம்மாவுக்கு ஷூ அவசியம், செருப்பு ஆகாது. இலையுதிர் காலத்தில் மாலையில் நடக்கும் ஹாலோவீன் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வேறு, பகல் சுற்றுக்கு வேறு. இணையத்தில் அவசரத்தில் மாற்றி வாங்குபவர்கள் ஏராளம். தேதிக்குப் பக்கத்தில் பகலா என்று பார்த்து அழுத்துங்கள்.

தெருஎண்:
வாக்னர் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்காக இரண்டு வரி.

பணம் வாங்காத மியூசியம். வணிகர் வில்லியம் வாக்னர் 1855இல் நிறுவியது, இலவச அறிவியல் வகுப்புக்காக. பின்னாளில் பிலடெல்ஃபியா சிட்டி ஹாலைக் கட்டிய ஜான் மக்கார்தர்தான் இந்தக் கட்டடத்தையும் வடிவமைத்தார். ஏடு சொன்ன அதே ஜோசஃப் லெய்டி 1885க்குப் பிறகு பொறுப்பேற்று, எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிர் வரை நடந்துகொண்டே படிக்கும்படி அடுக்கினார். மர அலமாரி, அலையலையான பழைய கண்ணாடி, பழுப்பேறிய சீட்டுகள், ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. அந்தக் காலத்து மியூசியமே ஒரு காட்சிப் பொருளாக நிற்கும் இடம் இது. எலும்பும் சிப்பியும் பூச்சியுமாக லட்சத்துக்கும் மேல். பி லைன் சுரங்க ரயிலில் செசில் பி. மூர் நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். கூடம் மாடியில் இருக்கிறது, ஆகவே அம்மாவுக்காக முன்பே போன் செய்து கேளுங்கள். பெரிய சன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் கூடம் என்பதால் மழை மூட்டமான நாளில் சீட்டுகளைப் படிக்கச் சிரமம்.

நாடித்துடிப்பு:
என் கணக்கில் பென் மியூசியத்தைவிட வாக்னருக்கு முன்னுரிமை.

ஏடு:
என் கணக்கில் இல்லை. பென்னில் பழைய மெசபடோமியாவின் 'ஊர்' என்ற நகரத்து அரச கல்லறைகளின் பொருட்கள் இருக்கின்றன: புவாபி அரசியின் தங்கத் தலையணி, காளைத் தலை யாழ். அந்த மணிகளில் சிவப்புச் சூதுபவளத்தை அருகில் போய்ப் பாருங்கள், சிந்துவெளிப் பக்கமிருந்து கடல்வழி போனவை அவற்றில் உண்டு. முன்கூடத்தில் இரண்டாம் ராம்சேயின் ஸ்பிங்க்ஸ், பன்னிரண்டு டன்னுக்கு மேல். தலை தேய்ந்திருக்கும், உடலில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஏனென்றால் உடல் நூற்றாண்டுகளாக மணலுக்குள் கிடந்தது. ஆனாலும் ஒரு பாதி நாள் வேண்டும். இந்த இரண்டு நாளில் அதைத் திணிக்காதீர்கள்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளி: மூட்டர், ஈஸ்டர்ன் ஸ்டேட், மாலை மதுரை மண்டபம். சனி: ஃபிராங்க்ளினில் தானியங்கி, மதியம் பார்ன்ஸ். சரியா? காரில் வரலாமா, ரயிலா?

தெருஎண்:
ஈஸ்டர்ன் ஸ்டேட்டைச் சனிக்கு மாற்றுங்கள். வெள்ளியன்று மூட்டரும் சிறையும் அடுத்தடுத்து என்றால் பெரியவர்களுக்கு மனமும் காலும் தாங்காது, மாலையில் மண்டபத்துக்குத் தெம்பு இருக்காது.

வெள்ளி: காலை பத்துக்கு மூட்டர், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பிறகு ஃபிராங்க்ளின் ஒன்றரை மணி நேரம், அறைக்குப் போய் ஓய்வு, ஐந்து மணிக்குக் கலை அருங்காட்சியகம். சனி: காலை பத்துக்கு ஈஸ்டர்ன் ஸ்டேட், இரண்டரை மணி நேரம் வையுங்கள், இரண்டு மணிக்குப் பார்ன்ஸ்.

மூட்டரும் பார்ன்ஸும் நேரம் குறித்த டிக்கெட், இணையத்தில் முதலில் அவற்றை எடுத்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி வையுங்கள். மூட்டர், ஈஸ்டர்ன் ஸ்டேட், பார்ன்ஸ் மூன்றுக்கும் பெரியவர் ஒருவருக்கு 70 டாலரைச் சுற்றி வரும். முதியோர், மாணவர் கட்டணம் தனியாக உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே அந்த வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வாசலில் போய்க் கேட்டால் திருப்பித் தரமாட்டார்கள். கூட்டுச் சீட்டு விற்பார்கள். அதில் இருக்கும் இடங்களில் நீங்கள் போகப்போவது குறைந்தது மூன்று என்றால்தான் லாபம்.

ரயிலே நல்லது. எடிசனிலிருந்து நியூ ஜெர்சி டிரான்சிட்டில் டிரெண்டன், அங்கே பிலடெல்ஃபியா வட்டாரப் போக்குவரத்தான செப்டாவின் டிரெண்டன் லைனுக்கு மாறி சபர்பன் ஸ்டேஷன். 30ஆவது தெரு நிலையத்தில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், சபர்பன் அடுத்த நிறுத்தம். அங்கிருந்து மூட்டர் ஆறு பிளாக். டிரெண்டனில் இணைப்பு ரயில் தவறினால் காத்திருக்க நேரிடும், ஆகவே இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் பதினைந்து நிமிடமாவது இருக்கும் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்குள் பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் வங்கி அட்டையையே தட்டலாம். பெட்டிகளை ஓட்டலில் வைத்துவிட்டு வாருங்கள், மியூசிய லாக்கர்களில் பெரிய பெட்டி நுழையாது.

தேன்சிட்டு:
சரி அண்ணா. மூட்டர் வெள்ளி பத்து மணி, பார்ன்ஸ் சனி இரண்டு மணி, இரண்டும் எடுத்தாயிற்று. ஃபிராங்க்ளினில் தானியங்கி எந்தத் தளம்?

பித்தளைச்சாவி:
காட்சிகளை அவ்வப்போது மாற்றி அமைக்கிறார்கள், ஆகவே நுழைந்ததும் தகவல் மேசையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். பையனை நேராக அங்கே கூட்டிப்போங்கள். வழியில், உள்ளே நடந்து பார்க்கும்படி கட்டிய பெரிய இதய மாதிரிக்குள் புகுந்துவிட்டால் ஒன்றரை மணி நேரமும் அங்கேயே போய்விடும்.